பழைய வீதிப் படங்களும் திருவள்ளூர்ச் சீமையின் சரித்திரமும்

ஒரு நகரத்தின் வீதியை நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்படத்தையும், அதே வீதியின் இன்றைய தோற்றத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் நம் மக்களுக்கு அண்மைக் காலத்தில் பேரார்வம் பிறந்திருக்கிறது. 2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 22-ஐ ஒட்டிக் கொண்டாடப்பெறும் சென்னை தினத்தின்போது இத்தகைய படங்களுக்கு முன்னால் கூட்டம் கூடுகிறது. மவுண்ட் ரோட்டில் டிராம் வண்டி நிற்கும் படத்தைக் கண்டு முதியோர் நெகிழ்வதும், மரநிழல் அடர்ந்த சாலையைப் பார்த்து இளைஞர் திகைப்பதும் இயல்பே. ஆயினும் உணர்ச்சி ஓய்ந்த பிறகு எஞ்ச வேண்டிய அறிவு ஒன்று உண்டு. எது மாறியது, எவ்வளவு மாறியது, எக்காலத்தில் எக்காரணத்தால் மாறியது என்னும் வினாக்களுக்கு அவ்விரு படங்களும் விடை தருமா என்று கேட்டால், அவை இன்று காட்சிக்கு வைக்கப்படும் முறையில் பெரும்பாலும் தரமாட்டா என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தர்க்க சாஸ்திரம் பிரத்தியட்சத்தை முதற்பிரமாணமாகக் கொள்கிறது. புகைப்படமும் பிரத்தியட்சம் போலவே தோன்றி நம்மை நம்பச் செய்கிறது. உண்மையில் அது வேறொருவர் கண்டதைப் பற்றிய சாட்சியமே ஆகும். சாட்சி எங்கே நின்றான், எப்பொழுது பார்த்தான், அவன் கண்ணுக்கு எவ்வளவு சக்தி இருந்தது, யார் அழைத்து அவன் வந்தான் என்று குறுக்கு விசாரணை செய்த பிறகே அவன் சொல்லை நீதிமன்றம் ஏற்கிறது. படத்தையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். இந்த நான்கு வினாக்களையும் சென்னைப் படங்களைக் கொண்டு முதலில் ஆராய்ந்து, பிறகு, சென்னைக்கு மேற்கிலும் வடக்கிலும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வயலும் ஏரியும் பனந்தோப்புமாக இருந்த நிலை மாறி ஆலைகளின் பிரதேசமாகிவிட்ட திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கு அவற்றைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நின்ற இடம்

ஒரு படத்தில் எப்பொருள் எப்பொருளை மறைக்கிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வெளி தெரிகிறது என்பதைத் தீர்மானிப்பது காமிரா வைக்கப்பட்ட இடமே. லென்ஸை மாற்றினால் காட்சியின் பரப்பு கூடும், குறையும். பொருள்களின் பரஸ்பர சம்பந்தம் மாறாது. இந்த ஒரு விதியை அறிந்தால், புகைப்படக்காரர் பெயரும் குறிப்பும் இல்லாத படத்திலிருந்தும் அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அருகே ஒரு தூணும் தொலைவில் ஒரு கோபுரமும் படத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் கோபுரத்தின் விளிம்பு தூணோடு ஒட்டி நிற்க, இன்று நாம் நிற்கும் இடத்திலிருந்து அது தூணுக்கு இடப்புறம் விலகித் தெரியுமானால், நாம் பழைய இடத்துக்கு இடப்புறமாக விலகி நிற்கிறோம். வலப்புறம் நகர நகர இரண்டும் நெருங்கிவரும். இத்தகைய ஜோடி ஒன்று கிடைத்தால் நாம் நிற்க வேண்டிய கோடு கிடைக்கிறது. இரண்டாவது ஜோடி கிடைத்தால் இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே அவர் நின்ற இடம். உயரத்தையும் இப்படியே கணிக்க வேண்டும். ஏனெனில், அக்காலப் படங்களில் பல, மாடி முகப்பிலிருந்தும் வண்டியின் மேலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவற்றைத் தரையில் நின்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் வீதி குறுகிவிட்டதென்னும் பிரமை உண்டாகும்.

இம்முறை மேல்நாட்டாரிடம் விஞ்ஞானமாகவே வளர்ந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் எவ்வளவு பின்வாங்கின என்று அறிய 1880-களின் இறுதியிலேயே ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபின்ஸ்டர்வால்டர் புகைப்பட அளவையைக் கையாண்டார். அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நில ஆய்வுக் குழுக்களோடு சென்ற புகைப்படக்காரர்கள் நின்ற இடங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை, 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும் தேடிக் கண்டு, அதே பருவத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடியும் படமெடுத்தார்கள். அப்பணியின் அரிய பயன் ஒன்று உண்டு. முன்னவர் காமிராவைச் சாய்த்துப் பிடித்து மலைச்சரிவைச் செங்குத்தாகக் காட்டியிருந்தால், அந்த மாறுதல் இயற்கையினுடையதன்று, எடுத்தவருடையது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

எடுத்த காலம்

பழைய படங்களின் கீழ் எழுதப்பட்டிருக்கும் ஆண்டுகளை அப்படியே நம்புவது அபாயகரமானது. ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து பல ஆண்டுகள் பிரதிகள் எடுத்து விற்கப்பட்டன. தபால் அட்டையில் உள்ள முத்திரைத் தேதி அது அனுப்பப்பட்ட நாளைத்தான் சொல்லும். ஆனால் படத்துக்குள்ளேயே காலம் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றது. ஆகவே தண்டவாளமும் தலைக்கு மேல் கம்பியும் காணப்படும் மவுண்ட் ரோட்டுப் படம், வேறெந்தக் குறிப்பும் இல்லாவிட்டாலும், டிராம் பாதை போடப்பட்ட 1890-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

சென்ட்ரல் நிலையத்தின் சுற்றுப்புறத்தை எடுத்துக்கொண்டால் இக்கணக்கு இன்னும் நுட்பமாகிறது. நிலையக் கட்டடம் 1873-இல் திறக்கப்பட்டது. அதை அடுத்து 1880-களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் திறந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை நிறைவேறிற்று. 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. இந்த ஐந்து செய்திகளையும் கையில் வைத்துக்கொண்டு அப்பகுதியின் படங்களை அடுக்கினால், மூர் மார்க்கெட் உண்டு, ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் வெறும் வெளி என்று தெரியும் படம் 1900-க்கும் 1913-க்கும் இடைப்பட்டதாகத் தானே தன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

அந்த மூர் மார்க்கெட்டை இன்றைய காட்சியோடு ஒப்பிடும்போது நம் கட்டுரையின் பிரதேசமே நமக்கு எதிர்ப்படுகிறது. செங்கல் வளைவுகளும் நடுமுற்றமும் பழைய புத்தகக் கடைகளுமாக இருந்த அந்த ஸ்தலத்தில் இப்போது நிற்பது, மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர் தாங்கிய புறநகர் ரயில் நிலையம். மேற்கே திருவள்ளூருக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் செல்லும் மின்சார ரயில்கள் புறப்படுவது இங்கிருந்துதான். நகரத்தார் பொருள் வாங்கக் கூடிய அங்காடி இருந்த இடத்தில், ஆலைகளுக்கு நாள்தோறும் ஆள் சுமந்து செல்லும் ரயில் நிலையம் வந்து அமர்ந்திருக்கிறது. அழிந்த ஒரு கட்டடத்துக்காக வருந்துவதோடு நின்றுவிட்டால், நகரத்தின் பொருளாதாரம் வடக்கிலும் மேற்கிலும் பெயர்ந்த பெரிய சரித்திரத்தை இவ்விரு படங்களுக்கிடையே நாம் காணாமலே போய்விடுவோம்.

ஆண்டு மட்டுமன்றி, மாதத்தையும் வேளையையும்கூட நிழல் காட்டிக்கொடுக்கும். சென்னையும் திருவள்ளூரும் வட அட்சரேகை 13 பாகையை ஒட்டி இருப்பதால், சித்திரை மாதத்தின் முன்பாதி முடியுந் தறுவாயிலிருந்து ஆவணி பிறக்கும் வரையில், உச்சி வேளையில் சூரியன் தலைக்கு வடபுறமாகச் செல்கிறான். மனிதன் நிழல் தெற்கே விழுகிறது. மற்ற மாதங்களில் அது வடக்கே விழும். ஆகவே நண்பகற் படம் ஒன்றில் நிழல் தெற்கே குட்டையாக விழுந்திருக்குமானால், அது கோடைக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலத்துப் படம்; அப்படத்தில் ஏரி வற்றியிருப்பதைக் கண்டு, அந்த ஏரி அக்காலத்திலேயே பாழாகிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறாகும். கார்த்திகையில் எடுத்த படத்தைக் கார்த்திகையில் எடுத்த படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பருவமழையை நம்பி நீர் நிறையும் நாட்டில் இது தலையாய விதி.

தகடு கண்டதும் காணாததும்

1838-இல் டகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்தின் பெருவீதி ஒன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மனிதரும் இடைவிடாது சென்ற அந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது; பாதணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக அசையாமல் நின்ற ஒரு மனிதன் மாத்திரம் பதிவாகியிருக்கிறான். ஒளி பதிவதற்குப் பல நிமிஷங்கள் வேண்டியிருந்ததால், நடமாடியவர் அனைவரும் தகட்டில் சுவடின்றி மறைந்தார்கள். 1850-களில் சென்னையையும் மதுரையையும் படமெடுத்தவர்களுக்கும் இதே தடை இருந்தது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்று, 1857-இன் இறுதியில் தெற்கே பிரயாணம் புறப்பட்ட லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அவர் படங்களில் ஜனசந்தடி இல்லாமையைக் கண்டு, அக்காலத்துத் தமிழ்நாடு அமைதியின் இருப்பிடமாக விளங்கிற்று என்று எழுதுவோர், காகிதத்தின் குறையை ஊரின் குணமாகக் கொள்கிறார்கள்.

நிறத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை எளிதிற் கவர்ந்தது. சிவப்பை ஏறக்குறைய உணரவேயில்லை. அதனால் வானம் மேகமற்ற வெண்மையாகவும், செங்கல்லும் காவியும் கருமையாகவும் பதிந்தன. நம் கோயில் மதில்களின் காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையும் பழைய படத்தில் கறுப்பும் வெளுப்புமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. மதிலுக்கு யாரோ கரி பூசியிருந்ததாக எண்ணிவிடலாகாது. மழை மேகமே இல்லாத நாடு என்றும் எண்ணலாகாது.

இத்தனை குறைகளுக்கிடையிலும் அப்படங்கள் விலைமதிப்பற்றவை. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை, நேப்பியர் பிரபு சென்னை கவர்னராக இருந்த காலத்தில் புதுப்பிக்கும் பணி நடப்பதற்கு முன், அது இடிந்து கிடந்த நிலையில் டிரைப் எடுத்த படங்கள் இல்லையென்றால், இன்று நாம் காண்பதில் எது நாயக்கர் கட்டியது, எது பிற்காலத்தார் பூசியது என்று பிரித்தறிவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! டிரைப் வகித்த பதவியை 1860-க்குள் அரசாங்கம் செலவு கருதி நீக்கிவிட்டது; அப்பதவி நீடித்திருந்தால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பெரிய ஊருக்கும் இன்று ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

யாருக்காக எடுத்த படம்

1850-களின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் ஃபீபிக் என்பவர் சென்னையின் கட்டடங்களையும் கடற்கரையையும் படமெடுத்து, அவற்றுக்குக் கையால் வர்ணம் தீட்டினார். கல்கத்தா, இலங்கை முதலிய இடங்களின் படங்களையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்நூறு படங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856-இல் அவரிடமிருந்து வாங்கியது. இன்று அவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பின்னர் நிக்கோலஸ் கம்பெனியும், நூற்றாண்டின் இறுதியில் வீலே அண்ட் கிளைன் நிறுவனமும் சென்னையில் புகழ் பெற்றன. இவர்களிடம் படம் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகள், வணிகர்கள், யாத்திரிகர்கள் ஆகியோரே. தாய்நாட்டுக்கு அனுப்பத்தக்க காட்சி எதுவோ அதுவே தகட்டில் ஏறிற்று: கோட்டை, மாதாகோயில், மவுண்ட் ரோட்டுக் கடைகள், கடற்கரைச் சாலை, பெருங்கோயில்கள்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓடியபோது அது திருவள்ளூர் வழியாகவே சென்றது. சென்னையை வடக்கே விஜயவாடாவோடு இணைத்த பாதை 1899-இல் நிறைவுற்றபோது கும்மிடிப்பூண்டியும் அப்பாதையில் அமைந்தது. இவ்வளவு தொன்மையான போக்குவரத்து இருந்தும், சென்னை ஸ்டூடியோக்களின் காமிராக்களுக்கு இவ்வூர்கள் கடந்து செல்லும் நிலையங்களாகவே இருந்தன. கடைத்தெருவும் நெல் மண்டியும் வண்டிப்பேட்டையும் வாங்குவோர் இல்லாத காட்சிகள். ஆகவே சென்னைக்குக் கிடைப்பது போன்ற பழைய வீதிப் படங்களின் வரிசை திருவள்ளூருக்கு இல்லை. கும்மிடிப்பூண்டிக்கும் இல்லை.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும்

அப்படியானால் இப்பிரதேசத்தின் பழைய தோற்றத்தை அறிய வழியே இல்லையா? உண்டு, ஆனால் வீதிப் படம் என்ற பெயரில் அது இராது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் பிரம்மோற்சவத்தில் தேர் நிலையை விட்டு நகரும்போதும், அமாவாசைதோறும் ஹிருத்தாபநாசினித் தீர்த்தக்கரையில் யாத்திரிகர் நிறையும்போதும் எடுத்த படங்களில், சுவாமியும் தேரும் நடுவே நிற்க, ஓரங்களில் வீதி தானாக வந்து பதிந்திருக்கும். திண்ணை வைத்த ஓட்டு வீடு, கடை முகப்பில் தொங்கும் பெயர்ப்பலகை, சாக்கடையின் மேல் போட்ட கருங்கல் பலகை, மின்கம்பம் ஆகிய இவையெல்லாம் எடுத்தவர் கருதாமல் எடுத்தவை. கருதாமல் சொன்ன சாட்சியத்துக்கு உள்ள நம்பகத்தன்மை இவற்றுக்கும் உண்டு. தேர் தன் உயரம் மாறாமல் ஆண்டுதோறும் அதே வீதியில் வருவதால், இருபுறமும் வீடுகள் எவ்வளவு உயர்ந்தன என்பதற்கு அதுவே அளவுகோலாகவும் அமைகிறது. கல்யாண ஊர்வலப் படங்களும் இத்தகையனவே. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு திரட்டிப் பாதுகாக்க முற்பட்டது, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படமும் சரித்திர ஆதாரமே என்பதை அங்கீகரித்த செயலாகும்.

காலத்தைக் கணிக்கவும் இப்பகுதிக்குத் தனி அடையாளங்கள் உண்டு. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் செல்லும் பாதைகள் 1979-இல் மின்மயமாயின. ரயில் பாதைக்கு மேல் கம்பி இல்லாத படம் அதற்கு முந்தியது. ‘டி.என். 20’ என்று தொடங்கும் வண்டி எண் கண்ணிற் பட்டால், படம் 1989-க்குப் பிந்தியது. அவ்வகை எண்முறை 1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி வந்ததாகும். அரசாங்க அலுவலகப் பலகையில் திருவள்ளூர் மாவட்டம் என்று எழுதியிருந்தால் 1997-க்குப் பிந்தியது. அதுவரை இது செங்கல்பட்டைச் சேர்ந்திருந்தது. திருத்தணிப் பக்கத்துப் படங்களில் ஆந்திர அரசின் பலகை தெரிந்தால் அது 1960-க்கு முந்தியது. அவ்வாண்டுதான் அப்பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது.

சில இடங்களில் ஒப்பீடே இயலாது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம், அதற்காக உழைத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையின் தாகம் தீர்த்த அந்த நீருக்கடியில், சுந்தரர் பாடிய திருவெண்பாக்கத்தின் பழைய தலம் இருக்கிறது; கோயில் பூண்டியில் புதிதாக எழுப்பப்பட்டது. அங்கே எவரேனும் முன்னாளில் காமிரா வைத்திருந்தால், அவர் நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாது. நகரத்துக்குக் கிடைத்த நன்மையும் கிராமம் கொடுத்த விலையும் ஒரே நீர்ப்பரப்பில் அடங்கியிருப்பதைப் படம் இல்லாமலே உணர வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். 1971-இல் நிறுவப்பெற்ற அரசுத் தொழில் வளர்ச்சி நிறுவனமாகிய சிப்காட், இங்கே தொழில்வளாகம் அமைத்த பிறகு, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தின் உருவமே மாறிற்று. இரும்பை உருக்கியும் உருட்டியும் கம்பியாக்கும் ஆலைகள், அவற்றின் புகைபோக்கிகள், உயர் அழுத்த மின்கோபுரங்கள், சாலையோரம் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகள் என்று இன்றைய காட்சி விரிகிறது. இதன் முந்தைய தோற்றத்துக்கு வானிலிருந்து எடுத்த படங்களே பேருதவி. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை ரகசியமாக எடுத்து, 1995-இல் வெளியிட இசைந்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களும், 1972 முதல் வரும் லேண்ட்சாட் படங்களும் உலகின் பெரும்பகுதியைக் காட்டுகின்றன. ஆனால் லேண்ட்சாட்டின் முதற்படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் நிலத்தைக் குறிக்கும்; ஏரியின் பரப்பு தெரியும், வீதி தெரியாது; வயல் குறைந்தது தெரியும், வரப்பில் நடந்த மனிதர் தெரியமாட்டார்.

ஆகவே வானத்துப் படத்தோடு கிராமத்து ஆவணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புலப்படமும், ‘அ’ பதிவேடும், அடங்கலும் ஒவ்வொரு சர்வே எண்ணும் நன்செயா, புன்செயா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா என்று சொல்கின்றன. இதே வட்டத்திலுள்ள தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலத்தைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது கிராமத்தார் எதிர்த்து நின்றதை நாடறியும். மேய்க்கால் என்ற ஒரு சொல்லாகப் பதிவேட்டில் கிடக்கும் அந்நிலத்தில் எத்தனை மரம் நின்றது, மாடு எவ்வழி போயிற்று, மழைநீர் எந்த ஓடையால் இறங்கிற்று என்பதை, ஊரார் நின்ற இடத்திலிருந்து எடுத்த ஒழுங்கான படவரிசை ஒன்று காட்டியிருக்கும். அத்தகைய வரிசை இல்லாததனால் நேர்ந்த நஷ்டம் அழகுணர்ச்சிக்கு மட்டும் நேர்ந்ததன்று. நியாயம் கேட்போரின் கையிலிருந்து ஒரு பிரமாணம் போயிற்று.

இன்று செய்யத்தக்கது

பாரிஸ் நகரத்தின் பழைய சந்துகளை இடித்துப் பெருவீதிகள் அமைக்க முற்பட்ட காலத்தில், இடிபடப்போகும் வீதிகளை முன்கூட்டியே படமெடுத்து வைக்குமாறு நகராட்சியே சார்ல் மார்வில் என்பவரை நியமித்தது. அவர் நானூறுக்கு மேற்பட்ட வீதிக் காட்சிகளைப் பதிவு செய்தார். மாற்றத்தைச் செய்யும் அதிகாரமே, மாறப்போவதைப் பதிவு செய்யும் கடமையையும் ஏற்றுக்கொண்ட உயர்ந்த முன்மாதிரி அது. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போதும், தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும்போதும், ஏரிக்கரையில் பாலம் கட்டும்போதும் நம் அதிகாரிகள் எத்தனையோ ஆவணங்கள் தயாரிக்கிறார்கள். அவற்றோடு, வேலை தொடங்குமுன் எடுத்த முறையான படவரிசை ஒன்றும் சேர்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. திருவள்ளூரில் தேரடி, ரயில் நிலைய வாயில், தீர்த்தக்கரை; கும்மிடிப்பூண்டியில் பஜார், சிப்காட் நுழைவாயில், நெடுஞ்சாலைச் சந்திப்பு, ஏரிக் கலங்கு; ஈழத்திலிருந்து வந்த தமிழர் பல ஆண்டுகளாக வாழும் முகாமின் வீதி; ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் தங்கும் குடியிருப்பு என்று சில இடங்களைத் தேர்ந்துகொண்டு, ஒரு பள்ளிக்கூடமோ கல்லூரியின் சரித்திரப் பிரிவோ பொறுப்பேற்கலாம். குடியிருப்புகளில் எடுக்குமுன் அங்கே வாழ்வோரின் சம்மதத்தைப் பெறுவது அவசியம். நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, காமிராவின் உயரம், நோக்கிய திசை, தேதி, மணி ஆகியவற்றைக் குறித்து, தை மாதத்தில் ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் அதே இடத்திலிருந்து படமெடுத்து, பிரதிகளை மாவட்ட மைய நூலகத்தில் ஒன்றும், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒன்றுமாக வைக்கலாம். கைப்பேசியில் காமிரா இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் படங்களுக்குப் பஞ்சமில்லை. இடமும் நாளும் குறித்து, அடுத்த தலைமுறை திரும்பி வந்து நிற்கத்தக்கவாறு எடுத்த படங்களுக்கே பஞ்சம்.

மவுண்ட் ரோட்டுக்குக் கிடைத்த கவனம், அந்நாளில் விலை கொடுத்துப் படம் வாங்கியவர்களின் விருப்பத்தால் கிடைத்தது. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அத்தகைய வாடிக்கையாளர் வரப்போவதில்லை. நிலத்தைக் கொடுத்தவரும், அந்நிலத்தில் எழுந்த ஆலையில் உழைப்பவரும், இரண்டுக்கும் இடையே வற்றிவரும் ஏரியை நம்பி விதைப்பவருமே தங்கள் வீதியைத் தாங்களே பதிவு செய்தாக வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஏரி இருந்ததா, அந்தப் பாதை பொதுவாக இருந்ததா என்று வழக்கு எழும்போது, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆதாரத்தோடு பேசுவதற்கு வேறு வழி இல்லை.